எதிர்மனுதாரர் மேல் பெர்த்தில் இருக்கிறார்

என் செல்போனா சார்? அடிக்கட்டும். அடிச்சு ஓஞ்சு தானா நின்னுரும். நீங்க இப்படி உக்காருங்க, பெட்டியை அடியில தள்ளிவிடுங்க. திருச்சியில ஏறினவங்களுக்கு எடம் கெடைச்சதே பெரிசு. எதுவரைக்கும் போறீங்க? விருதுநகரா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம். நாங்க கோவில்பட்டி. நாங்கன்னா நானும், அந்தா மேல கெடக்காருல்லா, போர்வையைத் தலையோட இழுத்துப் போத்திக்கிட்டு காலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, அவரும். சொந்தக்காரருதான். என் வீட்டுக்காரியும் அவரு வீட்டுக்காரியும் கூடப்பொறந்தவங்க. எனக்குச் சகலை. பேரு ஆவுடையப்பன். ஆனா இப்போதைக்கு அவரு எனக்கு எதிர்மனுதாரர்.

சிரிக்காதீங்க சார். ஐகோர்ட் விவகாரம் இது. அதுவும் சாதாரணமா இல்லை, அட்வகேட் ஜெனரல் வரைக்கும் போன விவகாரம்.

அட்வகேட் ஜெனரல்னா யாருன்னு தெரியுமா? பாத்தீங்களா, உங்களை மாதிரி படிச்சவங்களுக்கே தெரியலை. கலெக்டரைத் தெரியும், எஸ்.பி.யைத் தெரியும், இவரைத் தெரியாது. மாநில அரசாங்கத்துக்கே தலைமை வக்கீல் சார் அவரு. முதலமைச்சருக்கு ஒரு சட்டச் சந்தேகம்னா இவருகிட்டதான் கேக்கணும். ஏ.ஜி.ன்னு சொல்லணும், முழுப்பேரையும் சொன்னா ஐகோர்ட் வாசல்ல வெளியூர்க்காரன்னு கண்டுபிடிச்சிருவாங்க. நான் ரெண்டு ஏ.ஜி.யைப் பாத்தாச்சு. எங்க ஊர்ல ஒரு ஏ.ஜி.யைப் பாத்தவனே கெடையாது.

இருங்க, வடை வருது. சார், ஒரு சின்ன உதவி. மேல இருக்கறவருக்கு வேணுமான்னு கேளுங்களேன். நான் கேக்க முடியாது. கேஸுன்னு வந்துட்டா எதிர்மனுதாரரோட நேரடியாப் பேசக்கூடாது. சட்டம் இல்லை, என் கொள்கை. பதினோரு வருஷமா நான் அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை, அவரும் பேசினதில்லை. எதுவா இருந்தாலும் நடுவுல ஒரு ஆளை வச்சுத்தான். கேளுங்க.

"ரெண்டுன்னு சொல்லுங்க சார்."

கேட்டீங்களா? தூங்கலை, முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கான். ஏப்பா, அவருக்கு ரெண்டு குடு, சட்னி கூட ஊத்து. அவனுக்குச் சட்னி இல்லாம எறங்காது.

விஷயத்துக்கு வாரேன். எனக்குப் பாத்திரக்கடை. அதை ஒட்டினாப்புல அவருக்குச் சைக்கிள் கடை. பின்னாடி அவரு ஒரு தகரக் கொட்டகை போட்டாரு. போட்டாரு சரி, கூரைச் சரிவை எங்க வச்சிருக்கணும்? தன் பக்கம் வச்சிருக்கணும். என் கடைப் பின்முத்தத்தைப் பாத்து வச்சுட்டாரு. மழை பெஞ்சா தண்ணி பூரா என் அண்டா மேல விழுமா விழாதா? கோவில்பட்டியில என்னைக்கு மழை பெஞ்சுதுன்னு நீங்க கேக்கலாம். முன்சீப் கோர்ட்லயும் அதைத்தான் கேட்டாங்க. பெய்யாதது என் குத்தமா சார்? பெஞ்சா விழும். அதான் என் வாதம். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், அப்புறம் ஐகோர்ட் மதுரை பெஞ்ச்னு போயி, கடைசியில அங்க உள்ள நீதிபதி எனக்குச் சாதகமாத் தீர்ப்பு சொன்னாரு. சரிவைத் திருப்பி வைக்கணும்னு.

இல்லை, இன்னும் திருப்பலை. நிறைவேத்தச் சொல்லி நான் மனுப் போடலை. என்ன அவசரம், மழை பெய்யட்டும், பாப்போம்.

அதுக்கப்புறம்தான் ஒரு காதுகுத்து வந்துச்சு. போன ஆனி மாசம், எங்க மச்சினன் பேத்திக்கு. பந்தியில நான் ஒரு வரிசை, அவரு எதுத்த வரிசை. நேரடியாப் பேசமாட்டோமா, அவரு சாம்பார் வாளிக்காரனைப் பாத்துச் சொல்லுதாரு. "ஏப்பா, அங்க அண்ணாச்சிக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்து. ஐகோர்ட் ஜட்ஜுக்கே குத்துவிளக்கு குடுத்துத் தீர்ப்பு வாங்கின கை அது." பந்தி பூரா சிரிக்கு. அத்தோட விட்டானா? "பெரிய விளக்குன்னு நினைச்சுக்கிடாதே. அரையடி விளக்கு" அப்படின்னான்.

எனக்கு எலையில உக்கார முடியலை சார். கோர்ட்டைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி. நேரா எங்க மாசிலாமணி வக்கீலுகிட்ட போனேன். இது கோர்ட் அவமதிப்பா இல்லையான்னு கேட்டேன். அவரு, "அண்ணாச்சி, நீங்க நெனைச்ச ஒடனே போட முடியாது. தனியாள் யாரு இந்த மாதிரிக் கேஸு கொண்டாந்தாலும் ஏ.ஜி. எழுத்துல சம்மதம் தரணும். இல்லைன்னா ஊர்ல ஒவ்வொருத்தனும் பக்கத்து வீட்டுக்காரன் மேல கோர்ட்டை அவமதிச்சான்னு வந்து நிப்பான். உங்களை மாதிரி ஆளுங்களை மனசுல வச்சுத்தான் சட்டத்துல இதை எழுதியிருக்காங்க" அப்படின்னாரு. சட்டம் எழுதினவங்க என்னை மாதிரி ஆளை மனசுல வச்சிருக்காங்கன்னா எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும் நெனைச்சுப் பாருங்க. அது மட்டுமில்லை, சம்பவம் நடந்த ஒரு வருஷத்துக்குள்ள ஐகோர்ட்ல போட்டாகணும். தாண்டிப்போச்சுன்னா அப்புறம் தொட முடியாது.

மதுரையிலயும் அரசாங்க வக்கீலுங்க இருக்காங்க. ஆனா ஏ.ஜி.ங்கது மாநிலத்துக்கே ஒருத்தர்தான். மெட்ராஸ்தான் போகணும். நான் மனுப் போட்டேன். அவரு ரெண்டு தரப்பையும் கேக்கணும்லா, ஆவுடைக்கும் நோட்டீஸ் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே தேதி. இந்தப் பொம்பளைங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? அக்காளும் தங்கச்சியும் பேசிவச்சு ஒரே வண்டியில சேத்து டிக்கெட் போட்டுட்டாங்க. ஒரே தூக்குச்சட்டியில புளியோதரை. "ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே போறீங்க"ங்கா என் வீட்டுக்காரி. வழக்காடப் போறவங்களை அனுப்புத மாதிரியா இருக்கு? திருவல்லிக்கேணியில லாட்ஜும் ஒரே ரூம். அவனுக்குச் சுகரு இருக்கு சார், தனியாப் படுத்தா அவன் பெஞ்சாதிக்குப் பயம். மாத்திரையை நான்தான் எடுத்து வைக்கணும். கையில குடுக்கமாட்டேன். தண்ணிச் சொம்பு பக்கத்துல வச்சுட்டுத் திரும்பிக்கிடுவேன். கொள்கை கொள்கைதான்.

முதல் தடவை போனப்ப ஏ.ஜி.யைப் பாக்க முடியலை. அவருக்கு ஆயிரம் வேலை. நாங்க வராந்தாவுல பெஞ்சுல உக்காந்திருந்தோம். அங்க ஒரு குமாஸ்தா நல்ல மனுசன், எனக்கு எல்லாம் சொன்னாரு. இந்தப் பதவி கும்பினிக்காரன் காலத்துலயே உண்டாம். அப்பம்லாம் சீமையிலேருந்து கப்பல்ல வந்த வெள்ளைக்கார பாரிஸ்டருங்கதான் உக்காருவாங்களாம். நம்ம ஆளு அந்த நாக்காலியைத் தொட ரொம்பக் காலம் ஆச்சாம். இப்பம் அரசியல் சட்டத்துலயே இருக்கு, நூத்தி அறுபத்தஞ்சாவது ஷரத்து. ஐகோர்ட் ஜட்ஜா ஆகத் தகுதி உள்ளவராப் பாத்துக் கவர்னர் நியமிக்கணும். எத்தனை வருஷம்னு கணக்குக் கெடையாது. கவர்னர் பிரியப்படுத வரைக்கும் இருக்கலாம். என் வீட்டுலயும் அப்படித்தான் சார், அவ பிரியப்படுத வரைக்கும்தான் நான் அங்க இருக்கேன். இன்னொண்ணு சொல்லுதேன் கேளுங்க. ஏ.ஜி. சட்டசபைக்குள்ள போயிப் பேசலாம், ஆனா ஓட்டுப் போட முடியாது. அதுவும் என் வீட்டு நெலைமைதான்.

கோர்ட்டுக்குள்ளயும் எட்டிப் பாத்தேன். ஏ.ஜி. உள்ள வந்தா வக்கீலுங்கல்லாம் வழிவிடுதாங்க. முன்வரிசையில அவருக்குன்னு எடம். அவரு எந்திரிச்சா மத்தவங்க காத்திருக்கணும், முதல் பேச்சு அவருக்குத்தான். இதையெல்லாம் நான் வராந்தாவுல சத்தமாச் சொன்னேன். ஆவுடைக்கு இல்லை, சும்மா செவுத்தைப் பாத்துச் சொன்னேன். அவரு குமாஸ்தாவைப் பாத்து, "சார், கூரை மேல ஒரு கூண்டு இருக்கே, அது என்னன்னு அண்ணாச்சிக்குத் தெரியுமான்னு கேளுங்க"ன்னாரு. எனக்குத் தெரியலை. அது அந்தக் காலத்துக் கலங்கரை விளக்கமாம். கோர்ட்டு உச்சியில வெளக்கு வச்சுக் கப்பலுக்கு வழி காட்டியிருக்காங்க. அதை அவன் எங்கயோ விசாரிச்சு வச்சிருக்கான், என்னை மட்டந்தட்டணும்னே.

அன்னைக்கு வாய்தா போட்டாங்க. வண்டிக்கு நேரம் கெடந்துச்சு, நான் மெரினா போனேன். அவனும் பின்னாடியே வந்தான். அடுத்த வாய்தாவுக்கு எழும்பூர் மியூசியம். அதுக்கடுத்து வண்டலூர். அங்க வெள்ளைப் புலியைப் பாத்துட்டு இவன் காவக்காரன்கிட்ட சொல்லுதான், "இதைப் பாக்க அண்ணாச்சிதான் கூட்டிட்டு வந்தாரு"ன்னு. நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? டிக்கெட் ரெண்டு எடுத்தேன், அவ்வளவுதான். கூட்டத்துல ரெண்டு ரெண்டாத்தான் குடுக்காங்க.

பாருங்க, மறுபடியும் போன். மாசிலாமணி வக்கீலுதான். இந்த எடத்துல சிக்னல் சரியா இருக்காது சார், எடுத்தாலும் கேக்காது. விடுங்க.

மாசியில ஏ.ஜி. எங்களைக் கூப்பிட்டாரு. பெரிய அறை, சுத்தி அடுக்கடுக்காப் புஸ்தகம், நாலஞ்சு சின்ன வக்கீலுங்க நிக்காங்க. கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டு, "கோமதிநாயகம் ஐயா, இவரு என்னதான் சொன்னாரு, உங்க வாயால சொல்லுங்க"ன்னாரு. நான் எல்லாம் சொன்னேன். அந்த அரையடிங்கற எடம் வந்ததும் எனக்குத் தாங்கலை சார். "ஐயா, நீங்களே நியாயம் சொல்லுங்க. எங்க அப்பா காலத்துலேருந்து பாத்திரக்கடை. ஒரு ஜட்ஜுக்குக் குடுக்கணும்னு நான் நெனைச்சா அரையடியாக் குடுப்பேன்? நாச்சியார்கோவில் விளக்கு, ஆளுயரத்துக்குக் குடுத்திருப்பேனே! ஜோடியாக் குடுத்திருப்பேனே!" அப்படின்னுட்டேன்.

ஒரு சின்ன வக்கீலுக்கு இருமல் வந்துருச்சு. ஏ.ஜி. என்னைப் பாத்து, "ஐயா, இப்ப நீங்க சொன்னதுக்காக யாராவது என்கிட்ட சம்மதம் கேட்டு வந்தா நான் என்ன செய்யட்டும்?"ன்னாரு. அப்பம் இந்த ஆவுடை குதிச்சு எந்திரிக்கான். "ஐயா, அண்ணாச்சி அந்த அர்த்தத்துல சொல்லலை! அவரு யாருக்கும் லேசுல எதுவும் குடுக்கமாட்டாரு. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க" அப்படிங்கான். எதிர்மனுதாரர் எனக்கு வக்காலத்து வாங்குதாரு சார்! ஏ.ஜி. முன்னால எனக்கு எவ்வளவு கேவலமா இருந்திருக்கும்? அன்னைக்கு ராத்திரி கோவத்துல அவனுக்கு மாத்திரையோட பாலும் வாங்கி வச்சேன். கடனை ஒடனே கழிச்சிரணும்லா.

ஏ.ஜி. உத்தரவைப் பொறவு சொல்லுதேன்னாரு. அதுக்குள்ள தேர்தல் வந்து ஆட்சி மாறிருச்சு. ஆட்சி மாறினா ஏ.ஜி. ராஜினாமாக் குடுத்துருவாரு, அது ஒரு மரியாதை. புது அரசாங்கம் தனக்கு நம்பிக்கையான வக்கீலைப் போடணும்லா. நாட்டு ஜனங்க ஓட்டுப் போட்டு என் கேஸைத் தள்ளிவச்சுட்டாங்கன்னு வச்சுக்கிடுங்க. நானும் ஓட்டுப் போட்டேன், இதை யோசிக்காமப் போட்டுட்டேன்.

புது ஏ.ஜி. நேத்து எங்களைக் கூப்பிட்டாரு. இவரு வேகமான ஆளு, சிரிப்பே கெடையாது. ஆவுடைகிட்ட நேரா, "இப்படிப் பேசினீங்களா?"ன்னு கேட்டாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? "பேசினேன்யா"ங்கான். "மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தா இத்தோட முடிச்சிரலாம்"னாரு. எவ்வளவு பெரிய மனுசன், எறங்கி வந்து சொல்லுதாரு. நான் மேசைக்கடியில இவன் காலை மிதிச்சேன். மிதிக்கலை, கால் பட்டுருச்சு. இவன் சொல்லுதான், "ஐயா, அண்ணாச்சி ஒரு வருஷமா இதுக்காக வேலையத்துப் போயி அலைஞ்சிருக்காரு. நான் மன்னிப்புக் கேட்டா அவரு அலைஞ்சதுக்கு என்ன அர்த்தம்?" அப்படின்னு. கேட்டீங்களா அநியாயத்தை? ஏ.ஜி. என்ன செய்வாரு? சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

ஆமா சார், ஜெயிச்சுட்டேன். அந்தா, பையிலதான் இருக்கு கடுதாசி. வக்கீலு சொன்னாரு, குத்தம் நிரூபிச்சா ஆறு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாமாம். நேத்து ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கலை. லாட்ஜ் சாப்பாடு அப்படி. தூக்கமும் இல்லை, அங்க மூட்டைப்பூச்சி. இவன் நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கினான்.

ஏன் இன்னும் கேஸு போடலைன்னா கேக்கீங்க? போடலாம் சார். காகிதத்துல கையெழுத்தெல்லாம் போட்டு, கடுதாசி நகலோட மெட்ராஸ்லயே வக்கீலுகிட்ட குடுத்தாச்சு. நான் போன்ல போடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போட்டுருவாரு. கடைசி நாளா? இன்னைக்குத்தான். காலையில நான் இருந்து போட்டிருக்கலாம். ஆனா டிக்கெட் சேத்து எடுத்தது, நான் இருந்தா இவனும் எறங்கி நிப்பான். ஒரு ஆளுக்காக வண்டியை விடவா? அப்புறம் அங்க கோர்ட்ல கூட்டம். வெயில் வேற.

பாருங்க, பாருங்க, இன்னும் அடிக்கு. இந்த வக்கீலுக்கு வேற கட்சிக்காரனே கெடையாது போலருக்கு.

"சார், அவரை போனை எடுக்கச் சொல்லுங்க. கோர்ட்டு மூடுத நேரம் ஆயிட்டு."

சார், அவரைப் பேசாமப் படுக்கச் சொல்லுங்க.

"ஜெயிலுன்னா ஜெயிலு, பாத்துக்கிடலாம்னு சொல்லுங்க சார். நான் ஒண்ணும் பயப்படலை."

மாத்திரை போக, காலையில வெறும் வயித்துல ஊசி போடணும், ஒடனே சாப்பிடணும், அதை ஜெயில்ல யாரு பாப்பான்னு கேளுங்க சார். சொம்பு பக்கத்துல எவன் வைப்பான்னு கேளுங்க. பெரிய தியாகி இவரு. அவன் பெஞ்சாதி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா என் பெஞ்சாதி எனக்குச் சோறு போடுவாளான்னும் கேளுங்க.

நின்னுருச்சு. நான் சொன்னேன்லா, தானா நின்னுரும்னு.

கோர்ட்டு மூடியிருக்கும் இந்நேரம்.

அவரு எறங்குதாரு, கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்க. கம்பியைப் புடிக்கச் சொல்லுங்க சார், வண்டி ஆடுது. இங்க உக்காரட்டும், எடம் இருக்கு.

"சார், முடிஞ்சுபோச்சான்னு கேளுங்க."

முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க.

"அப்பம் இனிமே மெட்ராஸ் வரவேண்டாமா?"

என்னத்துக்கு வரணும்? கேஸு இல்லை, வாய்தா இல்லை. அவரு கடையில அவரு, என் கடையில நான். நடுவுல செவுரு. ஏன் சார் மூஞ்சியை அப்படி வச்சுக்கிடுதாருன்னு கேளுங்க. தப்பிச்சதுக்கு அவரு சந்தோசப்படணும். எனக்குத்தான் சார் நஷ்டம். எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு.

"சார், அந்தப் புது ஏ.ஜி. இருக்காரே, அவருக்குச் சட்டமே தெரியாது. கொடியேத்தத்துக்கு வந்த ஆளு மாதிரி உக்காந்திருக்காரு. இதை அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க."

அதெல்லாம் செல்லாதுன்னு சொல்லுங்க. ஏ.ஜி. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் வக்கீலுதான், அவரு கோர்ட்டு கெடையாது. அவரைத் திட்டினா அவமதிப்புல வராது. இத்தனை தடவை கூட வந்தும் இது கூடத் தெரியலை இவருக்கு.

"வராதா?"

வராது.

"தீர்ப்பு சொன்ன ஜட்ஜு? அவரு கோர்ட்டுதானே?"

அவரு கோர்ட்டுதான். எதுக்குக் கேக்காருன்னு கேளுங்க சார். இருங்க, எதுக்கு எந்திரிச்சு நிக்கான்? எதுக்கு என்னைப் பாக்கான்?

"அண்ணாச்சி, உங்களைத்தான் சொல்லுதேன், நீங்களே நேராக் கேட்டுக்கிடுங்க. அந்த ஜட்ஜு கண்ணை மூடிக்கிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்காரு. எது சரிவு எது மேடுன்னு அவருக்குத் தெரியாது. காசு வாங்கினாரோ என்னமோ, அது எனக்குத் தெரியாது, ஆனா வாங்காம ஒருத்தன் இப்படி எழுதமாட்டான். பெட்டியில உள்ள எல்லாருக்கும் கேக்குதா? இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

சார்! கேட்டீங்களா சார்? நேரா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுதான் சார்! அந்தா, ஜன்னலோரத்து அம்மாவும் திரும்பிப் பாத்தாங்க, அவங்களும் சாட்சி. இன்னைக்குத் தேதி என்ன? இன்னையிலேருந்து முழுசா ஒரு வருஷம் கெடக்கு சார். புதுசா மனு எழுதணும், ஏ.ஜி. ஆபீஸ்ல குடுக்கணும், அவரு ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்பணும். எந்திரிக்காதீங்க, விருதுநகர் இன்னும் எவ்வளவோ தூரம் கெடக்கு, உங்க பேரு விலாசம் எல்லாம் எனக்கு வேணும். இந்தாங்க பேனா, இதுல எழுதுங்க. ரொம்ப சந்தோசம் சார். இந்த மாதிரி ஒரு கேஸு லேசுல அமையாது.

ஏ ஆவுடை, அந்தத் தூக்குச்சட்டியை எடுடே. முதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு நிதானமா இன்னொரு தடவை சொல்லு, சாரு எழுதிக்கிடட்டும்.